அம்மா அப்பாவுக்கும் டைம்டேபிள் உண்டா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா, தாம்பரம்: பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

மாதக் காலண்டர். பை, ஷூ, பிரவுன் அட்டையெல்லாம் கடைசி நாளில்கூடக் கிடைக்கும், நேரம்தான் கிடைக்காது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் மார்ச்சில் வீடே ஊரடங்கு. அதே மார்ச்சில்தான் ஆபீசிலும் கணக்கு முடிப்பார்கள். எல்லாவற்றையும் எழுதி அடுப்படிச் சுவரில் மாட்டுங்கள். மார்ச்சில் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவும் வேண்டாம் என்று மாமியாரிடம் ஜூனிலேயே சொல்லிவிடுங்கள். ஜூனில் சொன்னால் யோசனை. பிப்ரவரியில் சொன்னால் சண்டை.

நான்காம் வகுப்பு மாணவனின் அப்பா, ஈரோடு: பையன் காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான். என்ன செய்ய?

நீங்கள் எத்தனை மணிக்கு டி.வி.யை அணைக்கிறீர்கள்? 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் உறக்க மருத்துவர்கள். காலை 6 மணிக்கு எழ வேண்டியவன் இரவு 9 மணிக்காவது தூங்கியிருக்க வேண்டும். ஹாலில் நீங்கள் மேட்ச் பார்த்துக்கொண்டு, உள்ளே அவனை மட்டும் ‘தூங்குடா’ என்றால் எப்படி? பள்ளி திறக்கும் முன்பே தினமும் கால் மணி நேரம் முன்னதாக விளக்கை அணைத்துப் பழகுங்கள். அவன் அறை விளக்கை மட்டுமல்ல, வீட்டு விளக்கை.

ஒரு தாத்தா, கும்பகோணம்: பேரனை விடப் புத்தகப் பை கனமாக இருக்கிறதே!

பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை. பைச் சுமையைக் குறைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. பேரன் 25 கிலோ என்றால் பை இரண்டரைக் கிலோ. அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கே ஒரு கிலோ போய்விடும். பள்ளியில் நல்ல குடிநீர் உண்டா என்று விசாரித்தால் அந்தக் கனம் குறையும். மீதியை உங்கள் வீட்டிலேயே தேடுங்கள். டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்குவது பேரனின் வேலை. அதை அம்மா செய்யும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நாலு நோட்டு கூடவே ஏறிவிடுகிறது.

மூன்றாம் வகுப்பு மாணவியின் அம்மா, மதுரை: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பதினோரு மணிக்கும் மெசேஜ் வருகிறது. வெளியேறினால் தப்பாக நினைப்பார்களா?

வெளியேற வேண்டாம், மியூட் போதும். அந்த மெசேஜில் முக்கால்வாசி ‘இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்?’ என்பதுதானே? அதைக் குறித்துக்கொண்டு வரத்தான் மகளுக்கு டைரி கொடுத்திருக்கிறார்கள். எழுதாமல் வந்தால் டீச்சரிடம் ஒரு நாள் பேச்சு வாங்கட்டும். மறுநாள் எழுதிக்கொண்டு வருவாள்.

ஒரு பொறியாளர், கோவை: பள்ளி ப்ராஜெக்டில் என் மகளுக்கு முதல் பரிசு!

வாழ்த்துகள். நீங்கள் எந்த வகுப்பு?

மாதச் சம்பளக்காரர், வேலூர்: ஃபீஸ் கட்டியே ஆண்டு ஓடிவிடுகிறது. வழி உண்டா?

தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கென்று குழுவும் உண்டு. உங்கள் பள்ளிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு ரசீதோடு ஒப்பிடுங்கள். ரசீது தராத கட்டணத்தைக் கட்டும் முன் எதற்கு என்று கேளுங்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் என்றால், இரண்டு பிள்ளைகள் வரை கல்விக் கட்டணத்தை ஒன்றரை லட்ச ரூபாய்ச் சேமிப்பு வரம்புக்குள் காட்டலாம். வேனுக்கும் நன்கொடைக்கும் அந்தச் சலுகை இல்லை. பிறகு, ஃபீஸ் ஜூனில் வருவது ஜனவரியிலேயே தெரிந்த சங்கதி. தீபாவளிச் சீட்டு கட்டுகிற ஊரில் ஸ்கூல் சீட்டு கட்டினால் குற்றமா?

ஒரு பாட்டி, நாகர்கோவில்: லஞ்சுக்கு மருமகள் தினம் ஒரு புது ஐட்டம் தேடுகிறாள்...

பிள்ளைகள் புதுமையா கேட்டார்கள்? டிபன் பாக்ஸ் காலியாக வரும் நாலு ஐட்டத்தைச் சுற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களே புளிக்காய்ச்சல் கிளறிக் கொடுத்தால் வாரத்தில் ஒரு காலை மருமகளுக்கு மிச்சம். அரசுத் தொடக்கப் பள்ளி வீடுகளில் இந்தக் காலைப் போர் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே சாப்பாடு.

காய்கறிக் கடைக்காரர், திண்டுக்கல்: அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் சேரச் சொல்கிறார்கள். நேரமே இல்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று டீக்கடையில் பேச எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரம் போதும்.

பத்தாம் வகுப்பு மாணவனின் அம்மா, சேலம்: கேபிளைத் துண்டித்துவிடலாமா?

கேபிளை விடுங்கள், ‘எத்தனை மார்க் எதிர்பார்க்கிறாய்?’ என்று போன் செய்யும் சொந்தக்காரர்களைத் துண்டிக்க முடியுமா பாருங்கள்.

ஒரு அப்பா, திருநெல்வேலி: பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்கு இந்த ஆண்டு நான் போகப்போகிறேன். டீச்சரிடம் என்ன கேட்பது?

அட, வாருங்கள்! மார்க்கைக் கேட்காதீர்கள், அது ரிப்போர்ட் கார்டில் இருக்கிறது. யாரோடு உட்காருகிறான், மதியம் சாப்பிடுகிறானா, புரியாவிட்டால் கை தூக்குகிறானா என்று கேளுங்கள். போகும் முன், பையன் எந்த செக்ஷன் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.