200 கோடி விருந்தாளிகள்

மருந்துக்கடையில் விரல் நீளப் பிளாஸ்டிக் குப்பி. ஐந்து மில்லியில் 200 கோடி 'பாசில்லஸ் கிளாசி' என்ற நல்ல கிருமியின் வித்துகள். "குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி ஏறும் சார்" என்கிறார் கடைக்காரர். அப்பா வாங்குகிறார். மகன் மண்ணைத் தொட்டுவிட்டானென்று சானிடைசர் தேய்த்த ஈரம் இன்னும் காயவில்லை. (அந்தக் கிருமிக்குச் சொந்த ஊரே மண்தான்.)

வயிற்றுப்போக்கு வந்த 971 அமெரிக்கக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இன்னொரு பிரபல நல்ல கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. வெறும் பொடி தின்ற பிள்ளைகளும் அதே வேகத்தில்தான் தேறியிருந்தார்கள். ஆன்டிபயாடிக்கால் வரும் பேதிக்குச் சில ரகங்கள் உதவும், அது வேறு. குப்பியோ சளிக்கும் விற்கிறது, சோர்வுக்கும் விற்கிறது.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பாவம், அதைச் சிபாரிசு செய்யக் கடைக்காரர் இல்லை.