அம்பும் வில்லும்

கேள்வி: அமெரிக்காவில், புருஷனே சிரசு என்று போதிக்கும் கடுமையான கிறிஸ்தவக் கூட்டங்களைவிட்டு வெளியேறும் பெண்களுக்கு யார் துணை?

பதில்: பிள்ளைகளைப் பராக்கிரமசாலியின் கையிலுள்ள அம்புகளுக்கு ஒப்பிடும் 127-ஆம் சங்கீதத்தைக் கட்டளையாகவே வரித்துக்கொண்டு, கர்ப்பத்தடையை விலக்கி, அம்பறாத்தூணி நிரம்பப் பெறுவதே ஸ்திரீ தர்மம் என்று போதிக்கும் ‘குவிவர்ஃபுல்’ இயக்கத்தார், அம்புகளை எண்ணிய சிரத்தையில் ஒரு பங்கையேனும் வளைந்து வளைந்து தேய்ந்த வில்லின்மீது செலுத்தினார்களில்லை. அத்தகைய இல்லத்திலிருந்து, கையில் சம்பாத்தியமும் தன் பெயரில் வங்கிக் கணக்குமின்றி, இடுப்பில் ஒன்றும் விரல் பிடித்து நாலுமாக வெளியே வரும் தாய்க்கு முதல் துணை, அவளுக்கு முன்பே அந்த வாசற்படியைத் தாண்டியவள்தான். ‘இத்தனை காலம் ஏன் பொறுத்தாய்?’ என்று அவள் ஒருத்தி கேட்கமாட்டாள். அதற்கடுத்தது படிப்பு, வேலை, வக்கீல். மனநல ஆலோசகரையும் மறக்கலாகாது. 19 பிள்ளைகள் கொண்ட டக்கர் குடும்பத்தில் பிறந்து தொலைக்காட்சி வெளிச்சத்தில் வளர்ந்த ஜில், தமக்கு மனநல ஆலோசனை தேவைப்பட்டதை 2023-இல் வெளியிட்ட சுயசரிதையில் மறைக்கவில்லை. வெளியேறியவளிடம் கடவுளையும் கைவிடச் சொல்வது இன்னொரு நிர்ப்பந்தமே: அதே ஆண்டில் நூல் எழுதிய தங்கை ஜிஞ்சர், தாம் வளர்ந்த போதனையின் பயத்தைத் துறந்தாரேயன்றி விசுவாசத்தைத் துறக்கவில்லை.