தாத்தா கட்டியது, பேரன் பிரித்தது

கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார்களே, அப்படி ஓர் அரண்மனையையே பிரித்தவர் சொக்கநாத நாயக்கர். தாத்தா திருமலை நாயக்கர் 1636-இல் மதுரையில் ஆசை ஆசையாகக் கட்டிய மஹால் அது. பேரனுக்குத் திருச்சிமேல் மோகம் வந்து தலைநகரையே அங்கே மாற்றினார். மாற்றினவர் சும்மா போயிருக்கலாம். மரச் சிற்பம், கல் என்று கழற்ற வந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார். வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்கூடச் சுவரில் ஆணியை விட்டுவைப்பான்.

மந்திரி யாராவது மெல்ல இழுத்துப் பார்த்திருப்பார். "பிரபு, பெரியவர் கட்டினது..."

"அதனாலதான்யா எடுத்துட்டுப் போறேன். அடுத்தவன் வீட்டுச் சொத்தா?" (தெலுங்கில்தான் கேட்டிருப்பார்.)

திருச்சிக்குப் போன சாமானெல்லாம் என்ன ஆச்சு என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மலைக்கோட்டையைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவார்.

மதுரையில் மிஞ்சியது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. கொஞ்சம் தள்ளி ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் சந்தில் நிற்கிற தூண்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மேலே கூரை கிடையாது, பக்கத்தில் சுவர் கிடையாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கல்யாண கோஷ்டி மாதிரி வரிசையாக நிற்கின்றன.

இருநூறு வருஷம் கழித்து, 1866-இல் சென்னைக்கு கவர்னராக வந்த நேப்பியர் பிரபு இந்த இடிபாட்டில் மனசைப் பறிகொடுத்தார். சென்னையில் மாநிலக் கல்லூரிக் கட்டடத்துக்குப் படம் போட்ட ராபர்ட் சிஸம் துரையிடம் மராமத்து வேலை வந்தது.

லேசான வேலையா அது? மஹாலின் சொர்க்கவிலாச மண்டபத்துப் பெரிய கும்மட்டம் உத்தரமோ விட்டமோ இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்புமாகவே நிற்பது. கும்மட்டமும் வளைவும் கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் எல்லாம் நிற்கின்றன. ஒருத்தர் தனிக்குடித்தனம் போனால் பக்கத்தில் இருப்பவர் சாய்வார். சொக்கநாதரோ முக்கால் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார். இந்த மாதிரிக் கட்டடத்தில் முதலில் முண்டு கொடுக்க வேண்டும், பிறகுதான் விரிசலில் கை வைக்கலாம். அவசரப்பட்டு ஒரு செங்கலை உருவினால் தலையில் இறங்குவது ஒரு செங்கலோடு நிற்காது.

பூச்சு இன்னொரு கூத்து. சிமெண்ட் மாதிரி தண்ணீர் ஊற்றிக் குழைத்து அப்புகிற சமாச்சாரம் இல்லை இது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலோடு அரைக்கிற அரைப்பில் சாந்து வெண்ணெயாக வர வேண்டும். மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தால் பளிங்கு தோற்கும். கட்டிப்பிடித்தால் கை எட்டாத அத்தனை தூணுக்கும் வெள்ளைக்கரு என்றால் மஞ்சள்கருவெல்லாம் யார் வயிற்றுக்குள் போனது? முட்டைப் பரோட்டா பிறக்காத காலம் வேறு. நாயக்கர் வரலாறு எழுதியவர்கள் இதை விசாரிக்காமல் விட்டது பெரிய குறை.

ஒருவழியாக மஹால் நிமிர்ந்தது. நிமிர்ந்த கட்டடத்தைச் சர்க்கார் சும்மா விடுமா? கச்சேரியும் கட்டுமாக உள்ளே குடியேறியது. ராஜாவின் படுக்கையறைக் கூரையில் ஓட்டை போட்டு, கயிற்றில் இறங்கி ஒரு திருடன் நகையை அடித்துக்கொண்டு போனதாக ஊரில் ஒரு கதை உண்டு. 1970 வரை அதே மஹாலில் மாவட்ட நீதிமன்றம் நடந்தது. திருடர்கள் கயிறில்லாமல், போலீஸ் துணையோடு, வாசல் வழியாகவே வந்தார்கள். ராஜாவுக்கு நகை போனதுதான் மிச்சம். இவர்களுக்கு வாய்தாவாவது கிடைத்தது.

இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் போகலாம். தூணின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த ஈரம் காய்வதற்குள், ஆணியால் கீறிய 'மணி – ரேவதி'. நடுவில் ஓர் இதயம், அதில் அம்பு. காவலாளி விசிலடித்துக்கொண்டே ஓடிவருகிறார். எனக்கென்னவோ அந்த மணிமேல் அவ்வளவு கோபம் வரவில்லை. பேரை எழுதிவிட்டுப் போய்விட்டான். தூணை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போகவில்லையே.