ஜிலேபிக் கெண்டை

வா மருமவனே, குந்து. சுகர் வந்ததுல இருந்து மீனையே வுட்டுட்டியாமே? மீன்ல கெமிக்கல் கீதுன்னு செல்போன்ல எவனோ சொன்னானாம், உன் பொஞ்சாதி சொல்லிச்சு. நல்லது. ஜிலேபிக் கெண்டைன்னு பேரு வெச்சவன் மேல மொதல்ல ஒரு கேஸ் போடு. பேரைக் கேட்டதுக்கே நூறு பாயிண்டு ஏறியிருக்கும்.

செல்போன்காரன் சொன்னது முழுப் பொய்யும் இல்லடா. டிடிடி, பிசிபி மாதிரி சரக்கு கொழுப்புல போய்ச் சேந்தா லேசுல எறங்காது. சின்ன மீனைப் பெரிய மீன் துன்னும், அதை அதுக்கும் பெரிசு துன்னும், வாய்க்கு வாய் விஷம் கூடிகினே போவும். அந்தச் சரக்கு ரத்தத்துல அதிகமா கீறவங்களுக்கு சுகரும் அதிகம்னு பல ஆராய்ச்சில பாத்துக்கீறாங்க. அதுதான் சுகரைக் கூட்டியாந்துச்சா, ரெண்டும் ஒண்ணா வந்துச்சான்னு பஞ்சாயத்து இன்னும் முடியல. அது முடியற வரைக்கும் சுறாவையும் பெரிய வஞ்சிரத்தையும் கொறைச்சுக்கோ. நெத்திலி, மத்தி இன்னா பாவம் பண்ணிச்சு? விஷம் சேக்க நேரம் கெடைக்கறதுக்குள்ள உன் வூட்டுச் சட்டிக்கு வந்துடுதே!

கெமிக்கலுக்குப் பயப்படறவன் மொதல்ல பாலாத்தைப் பாத்துப் பயப்படணும். தோல் பதனிடற ஷாப்புங்களோட கழிவு ஆத்துல கலக்குதுன்னு வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ்ல, ஒரு கிலோ தோலைப் பதம் பண்ண 35 லிட்டர் தண்ணி போவுதுன்னு 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட்டு எழுதிச்சு. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் அபராதம். 2025 ஜனவரில மறுபடி தீர்ப்பு, அதே கோர்ட்டு, அதே ஆறு. ராணிப்பேட்டை குரோமேட் கம்பெனி இழுத்து மூடிகினு போனப்ப லட்சம் டன்னுக்கு மேல கழிவை நமக்கு வுட்டுட்டுப் போச்சு. அப்பல்லாம் வாயத் தொறக்காதவன், மீன்காரம்மாகிட்ட மட்டும் கெமிக்கல் இருக்கான்னு கேக்கற. அது கூடையோட வருது, முதலாளி கார்ல வர்றாரு, அதான?

மெடிக்கல்ல சுகருக்குன்னு குரோமியம் மாத்திரை வேற வாங்கினியாமே! காசு குடுத்து குரோமியம் துன்ற மொத ஆம்பூர்க்காரன் நீதான்டா. அது வேற ஜாதி குரோமியம், ஒத்துக்கறேன். ராணிப்பேட்டைல கொட்டிக் கெடக்கறது புத்துநோய் தர்ற ஜாதி. ஆனா மாத்திரையால சுகர் எறங்கும்னு உறுதியா சொல்ல ஆளில்ல.

இன்னொரு கூத்து கேளு. உன் தாத்தன் காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலை ஊற வெச்சாங்க. 1970-கள்ல பாதி பதம் பண்ணின தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப சர்க்கார் கட்டுப்பாடு போட்டுச்சு. முழுசா முடிச்சு அனுப்பணும்னு குரோம் உள்ள வந்துச்சு, ஆவாரம் வெளிய போச்சு. அதே ஆவாரம் இப்ப பூப்பொடியா டப்பால ஏறி, சுகருக்கு மருந்துன்னு உன் அலமாரில நிக்குது.

மீனை வுட்டியே, அந்த எடத்துல இன்னா துன்ற? பிரியாணி, தொட்டுக்கக் கத்திரிக்கா. காய்கறில கெமிக்கல் இல்லன்னு எவன் சொன்னான்? மதுரைப் பக்கத்துக் கிராமங்கள்ல காமராசர் பல்கலைக்கழகத்தாரு ரத்தம் எடுத்துப் பாத்து 2017-ல எழுதினாங்க. பூச்சிமருந்தோட பொழங்கறவங்கள்ல சுகர்க்காரங்க, மத்தவங்களை வுட ஏறக்குறைய மூணு மடங்காம். மருந்து அடிச்ச கத்திரிக்காய உப்புத் தண்ணில அலசவாவது சொல்லு.

தமிழ்நாட்டுல நூத்துக்குப் பதினாலு பெரியவங்களுக்கு சுகருன்னு 2023-ல கணக்கு வந்துச்சு. அத்தினி பேரும் வஞ்சிரம் துன்னவங்களா? குந்தின எடத்துல வேலை, ராத்திரி பத்து மணிக்கு ரெண்டாவது பிளேட்டு, டீக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் போயி சுகரோட மூணு மாசச் சராசரியைப் பாத்துட்டு வா, அப்பால மீனோட சண்டை போடலாம்.

அது சரி, இடுப்புல இன்னாடா பொட்டலம்? ஆற்காடு மக்கன் பேடாவா! கெமிக்கல் இருக்கப்போவுது, இப்படிக் குடு. மாமன் டெஸ்ட் பண்ணிச் சொல்றேன்.