சலுகைக்குத் தகுதியற்றவனின் விண்ணப்பம்

ஹாம்பர்க் மாநகரில் எழுந்தருளியிருக்கும் ஸ்டைன்பெர்க் ஸ்தாபனத்தாரின் விலை நிர்ணய இலாகா அதிபர் சமூகத்துக்கு,

மேல்நாட்டுச் சங்கீதத்தை ஐந்து கோட்டுத் தாளில் மையால் எழுதி, பிழைபட்ட இடத்தைச் சுரண்டி, சுரண்டிய இடத்தில் மறுபடியும் எழுதிக் காலம் தள்ளும் எளியவன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம். இசைக் குறிகளை அச்சுக்கு ஒப்பாக அமைத்துத் தரும் தங்கள் டோரிகோ மென்பொருளை வாங்க வேண்டும் என்ற அவா எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனால், தங்கள் விலைப்பட்டியலை ஊன்றி வாசித்த பிறகு, அதைச் சகாய விலைக்குப் பெறுவதற்கான யோக்கியதை இந்த ஜன்மத்தில் எனக்கு வாய்க்கவில்லை என்று தெளிந்தேன். வேறொருவருக்கு நான் முன்னமே பணம் கொடுத்திருக்க வேண்டுமாம், கொடுக்கத் தவறிவிட்டேன்.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டோரிகோ அவதரித்தபோது அதன் முழுவிலை 579 யூரோ. ஆயினும், சிபேலியஸ், ஃபினாலே ஆகிய போட்டிச் சரக்குகளில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியதற்கு அத்தாட்சி காட்டுவோர்க்கு, குறிப்பிட்ட காலம் வரையில், 299 யூரோவுக்கே தருவதாகத் தாங்கள் திருவாய் மலர்ந்தருளினீர்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கிராஸ்கிரேடு என்று பெயர். எங்கள் தெருக் கோடி மளிகைக்காரர், தம்மிடமே வருஷக்கணக்காகச் சாமான் வாங்குகிறவனுக்குத்தான் மனமிரங்கி நாலு காசு குறைப்பார். எதிர்க்கடை ரசீதைக் கையில் ஏந்தி வருகிறவனுக்குப் பாதி விலையும், வேறெங்கும் நுழையாமல் நேரே தம் வாசலுக்கு வந்தவனுக்கு முழு விலையும் விதிக்கும் சூட்சுமம் அந்த அப்பாவி மனிதருக்கு இன்றளவும் புலப்படவில்லை.

இதில் மற்றொரு ரசமான விஷயம் உண்டு. லண்டனில் சிபேலியஸை வளர்த்தவர்களும், 2006-இல் அதன் கம்பெனியை விலைக்கு வாங்கிய அவிட் ஸ்தாபனத்தார் 2012-இல் லண்டன் காரியாலயத்தை மூடி வெளியே அனுப்பியவர்களுமான நிபுணர்களைத்தான், டேனியல் ஸ்ப்ரெட்பரி உட்பட, தாங்கள் சேர்த்துக்கொண்டு டோரிகோவைச் செய்வித்தீர்கள். ஆகவே, அந்நிபுணர்கள் முன்பு வளர்த்த படைப்புக்கு ஒருமுறை பணம் செலுத்திய சங்கீதகாரர், அப்படைப்பைக் கைவிட்டு வருவதற்காக, அவர்களுடைய அடுத்த படைப்புக்கு இன்னொரு முறை பணம் செலுத்துகிறார். இதற்குச் சலுகை என்று பெயரிட்ட புலவர் யாராயினும் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

டோரிகோவின் முதற் பதிப்பில், ஸ்வரக் கூட்டுகளைக் காட்டும் கார்டுக் குறிகள் இடுவதற்கு வசதியில்லை. திரும்ப வாசிக்கும் பகுதியின்மேல் முதல் தடவை, இரண்டாந் தடவை என்று பிரித்துக் காட்டும் அடைப்புக் கோடுகளும் இல்லை. அடுத்த ஆண்டில் அவை வந்து சேர்ந்தன என்பதையும், அதற்கெனத் தனிக் கட்டணம் எதுவும் கேட்கப்படவில்லை என்பதையும் நியாயம் கருதிச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவை வரும்வரையில், 579 கொடுத்தவருக்கும் 299 கொடுத்தவருக்கும் அந்தக் குறைகள் கடுகளவும் பாரபட்சமின்றிச் சரிசமமாகவே வழங்கப்பட்டன. தங்கள் இலாகா சமத்துவத்தை மறந்துவிட்டது என்று இனி எவரும் பழி சொல்ல இயலாது.

பின்னர், 2024 ஆகஸ்டு 26 அன்று, 1988 முதல் சங்கீத உலகில் கோலோச்சிவந்த ஃபினாலேயை இனி விற்பதுமில்லை, புதுப்பிப்பதுமில்லை என்று அதன் உரிமையாளரான மேக்மியூசிக் ஸ்தாபனத்தார் அறிவித்தார்கள். அதே மூச்சில், தங்களுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஃபினாலே வைத்திருந்தவர்களுக்கு 579 டாலர் பெறுமானமுள்ள டோரிகோ 149 டாலருக்குக் கிடைக்கும் என்ற நற்செய்தியும் வெளிவந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபினாலே உயிரோடிருந்த காலத்தில் அதை விட்டு வருகிறவனுக்குத் தாங்கள் வைத்த மதிப்பு 280 யூரோ. அது கண்ணை மூடியதும் அந்த அநாதைக்கு வைத்த மதிப்பு 430 டாலர். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது என்ற நாகரிகம் ஜெர்மனியிலும் உண்டு என்பதில் எனக்குப் பரம திருப்தி.

அந்த அநாதைகளின் மூட்டை முடிச்சுகளைப் பற்றி மட்டும் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்தின் மூலம் பழைய ஸ்கோர்களைப் புதிய வீட்டுக்குக் கொண்டு சேர்க்கலாம்; ஸ்வரமும் காலப் பிரமாணமும் பாடல் வரிகளும் பெரும்பாலும் பத்திரமாக வந்துவிடும். ஆனால், ஒரு ஸ்லர் வளைகோடு மேலே நிற்கும் புள்ளியில் இடிக்காமலிருக்க மயிரிழையளவு தூக்கி வைத்த நுட்பமும், வயலின்காரருக்குப் பக்கம் திருப்பக் கை ஒழிய வேண்டுமே என்று ஓய்வுக் குறி வருமிடம் பார்த்துப் பக்கத்தை முடித்த பரிவும் வழியிலேயே உதிர்ந்துபோகக் கூடியவை. முப்பது வருஷத்து ஸ்கோர்களை ஒவ்வொன்றாகத் திறந்து அவற்றை மறுபடியும் சீர்செய்ய உட்காரும் மனிதரின் இரவுகளுக்கு எத்தனை சதவிகிதம் தள்ளுபடி என்று தங்கள் இலாகா இன்னும் நிர்ணயிக்கவில்லை.

என் வழக்குக்கு வருகிறேன். மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருளில் எழுதிப் பழகிய இளைஞர்களுக்கும் எனக்கும் இவ்விஷயத்தில் ஒரே கதிதான்: இலவசத்துக்கு ரசீது ஏது? மைக்கூட்டுக்கு சீரியல் நம்பர் ஏது? தாங்கள் மென்பொருளுக்குச் சூட்டிய திருநாமம், பதினாறாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் சங்கீத நூல்களை அச்சிட்ட வலேரியோ டோரிகோ என்பவருடையது. அவரும் அவர் சகோதரரும் 1554-இல் பாலஸ்திரினா என்ற சங்கீத மேதையின் மாஸ் எனும் திருப்பலி இசைகளின் முதல் தொகுதியை அச்சிட்டார்கள். அதற்குமுன் தம் மாஸ் தொகுதி எதையும் அச்சேற்றியிராத பாலஸ்திரினா, வேறோர் அச்சுக்கூடத்து ரசீதை நீட்டியிருக்க முடியாது. தங்கள் விதிப்படி அந்த மகாவித்வானும் என்னுடைய வரிசையில், எனக்குப் பின்னாலேயே, முழுவிலையை எண்ணிக்கொண்டு நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சற்றுக் கர்வமும் உண்டு.

போட்டிச் சரக்கு ஒன்றை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு தங்களிடம் வரலாமென்று யோசித்தேன். சிபேலியஸுக்குக் காசு கொடுத்தால் சலுகையில் மிச்சம் ஏது? ஃபினாலேயோ கடையிலேயே இல்லை. ஆகவே, நான் இதுகாறும் உபயோகித்த பழைய முறையைத் துறப்பதற்குச் சித்தமாயிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சியாக, பாதி தீர்ந்த மைப்புட்டி ஒன்றையும், மூக்கு மழுங்கிய பேனாவையும், சுரண்டிச் சுரண்டி ஓட்டை விழுந்த நால்வர் இசைத் தாள்கள் சிலவற்றையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். இவற்றைக் காலாவதியான லைசென்ஸுக்குச் சமமாகப் பாவிப்பீர்களா என்பதையும், பாவிப்பதாயின் தபால் செலவு யாருடையது என்பதையும், ஏதேனும் ஒரு சலுகைக் காலம் முடிவதற்குள் தெரிவிக்கக் கோருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்காத,
பணிவுள்ள முழுவிலைக்காரன்