அம்மணிக்குப் பழசு, குதிரைக்குப் புதுசு

இங்கிலாந்தில் கிராமப்புறக் குதிரை லாயம் எதற்குள் நுழைந்தாலும் இவரைப் பார்த்துவிடலாம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போயாயிற்று. சின்ன வயதில் குதிரைப் பைத்தியமாக இருந்து, கல்யாணம், வேலை, வீட்டுக்கடன் என்று அதை மூட்டைகட்டிப் பரணில் போட்டு, திடீரென்று ஒரு வசந்த காலத்தில் பதினாறு வயதுக் குதிரை ஒன்றை வாங்கி நிற்பவர். இப்போது பக்கத்து ஊர் ரைடிங் கிளப் நடத்தும் டிரஸ்ஸாஜ் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறார். கட்டணத்தைக் கட்டிய கையோடு, சமையலறையில் கணவர் முன்னிலையில் சபதமும் எடுத்தாயிற்று: "உடுப்புக்கு அம்பது பவுண்டு. அதுக்கு மேல ஒரு பென்னி கிடையாது."

கணவர் தலையாட்டுகிறார். அவருக்கு அனுபவம் உண்டு. இவரை அம்மணி என்றே வைத்துக்கொள்வோம்.

டிரஸ்ஸாஜ் என்பது 20க்கு 40 மீட்டர் மணல் செவ்வகத்துக்குள் குதிரையைச் சொன்னபடி நடக்கவும், துள்ளுநடை போடவும், வட்டமடிக்கவும், அசையாமல் நிற்கவும் வைக்கும் கலை. ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மார்க். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வாங்கியபோது நம் பத்திரிகைகளிலும் இந்தப் பெயர் அடிபட்டது. படத்தில் பார்த்த பளபளப்பெல்லாம் உச்சாணிக் கொம்பு. அம்மணி ஏறப்போவது அடிமரம். நடையும் துள்ளுநடையும் மட்டும், சுமார் ஐந்து நிமிடம். பாடம் மறந்துபோனால் ஓரத்தில் ஒருவர் நின்று சத்தமாகப் படித்துச் சொல்லவும் இந்த மட்டத்தில் அனுமதி உண்டு.

உடுப்புக்கு மார்க் கிடையாது. இதை அம்மணியிடம் பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். சுத்தமாக, பாதுகாப்பாக, விதிக்கு உட்பட்டு இருந்தால் போதும். ஆனால் கல்யாண வீட்டில் புடவைக்கு மார்க் போடுவதில்லை என்பதற்காக யாராவது நைட்டியில் போகிறார்களா?

ஆக, வேட்டை ஆரம்பம். முதல் வேட்டைக்களம் மலிவு சூப்பர் மார்க்கெட். ஆல்டி, லிடில் கடைகளில் எப்போதாவது ஒரு வாரம், தோட்டத்து மண்வெட்டிக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் நடுவில் குதிரைச் சாமான்கள் வந்து இறங்கும். அம்மணி கடை திறக்கும் முன்பே போய் நிற்கிறார். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு அம்மணிகள் நிற்கிறார்கள். இருபது நிமிடத்தில் மிச்சம் இருப்பது எட்டு வயதுப் பெண்ணுக்கான கால்சட்டையும், மலைபோல் ஒருவருக்கான கால்சட்டையும்தான். அம்மணி கையில் கிடைத்ததை விடவில்லை; இரண்டு ஜோடி சாக்ஸும் ஒரு மண்வெட்டியும் வாங்கி வருகிறார்.

அடுத்தது, தானமாக வந்த பழைய சாமான் விற்கும் சாரிட்டி ஷாப். இங்கே அதிர்ஷ்டம் அடிக்கிறது. கருநீலத்தில், கம்பளித் துணியில், யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன் போட்டுக் கழித்த பிளேசர், 4 பவுண்டு. குதிரைக் கடையில் போட்டிக் கோட்டு என்று கேட்டால் அறுபது, எழுபதில் ஆரம்பித்து முந்நூறு, நானூறு என்று ஏறிக்கொண்டே போகும். அன்றிரவு அம்மணி தையல் பிரிக்கும் ஊசியோடு உட்கார்ந்து மார்புப் பையில் இருந்த பள்ளிச் சின்னத்தைப் பிரித்தெடுக்கிறார். சின்னம் வந்துவிட்டது. ஆனால் அதன் அடியில் வெயில் படாமலே இருந்த துணி மட்டும் கேடய வடிவத்தில் அடர்நீலமாக நிற்கிறது. பள்ளிக்கூடம் கோட்டிலிருந்து போகமாட்டேன் என்கிறது. நடுவர் நாற்பது மீட்டர் தள்ளி இருப்பார், தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டு பித்தளைப் பொத்தான்களை வெட்டிக் கறுப்புப் பொத்தான் தைக்கிறார்.

இன்னொரு சிக்கல் சேணத்தில் ஏறி உட்கார்ந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. குதிரைக் கோட்டுக்குப் பின்னால் திறப்பு இருக்கும். உட்கார்ந்தால் அது இரண்டாகப் பிரிந்து சேணத்தின் மேல் படிந்து விழும். பள்ளிக்கூடப் பிளேசர் பெஞ்சில் உட்காரத் தைத்தது. சேணத்தின் பின்விளிம்பில் முட்டி, முதுகில் ஒரு மூட்டையாக எழும்பி நிற்கிறது. அம்மணி மறுபடி ஊசியை எடுக்கிறார். முதுகுத் தையலை ஒரு சாண் பிரித்து, ஓரம் மடித்து அடித்துவிட்டால் திறப்பு தயார். இந்த வேலை அவருக்கு உண்மையிலேயே நன்றாக வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 300 பவுண்டு கோட்டுக்காரிகள் யாருக்கும் தன் கோட்டு எப்படி நிற்கிறது என்று இவ்வளவு தெரியாது.

இந்த உடுப்புக் கெடுபிடியெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பட்டாளத்தைத்தான் கைகாட்ட வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் சேர்ந்தது முதல் 1948 வரை அதில் ஏறியவர்கள் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகள்தான்; சார்ஜென்ட் மட்டத்துக்கு இடமில்லை. 1948-ல் ஸ்வீடன் அணி தங்கம் வாங்கியது. அணியில் இருந்த பெர்சன் என்பவர் நிஜத்தில் சார்ஜென்ட். போட்டிக்காக அவசரமாகப் பதவி உயர்த்தி, முடிந்ததும் பழையபடி இறக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்து, 1949-ல் ஸ்வீடனின் தங்கம் பறிபோய் பிரான்ஸுக்குப் போனது. 1952 ஹெல்சிங்கியில் விதியே மாறியது. சிவிலியன்களும் பெண்களும் வரலாம் என்றானது. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண், வெள்ளி வாங்கினார். அதே பெர்சன் மறுபடி வந்து அணியோடு தங்கத்தை எடுத்துப் போனார். இரவல் பதவிக்குத்தான் தண்டனை. இரவல் கோட்டுக்கு இதுவரை யாரும் மெடலைப் பிடுங்கியதில்லை; அம்மணி தைரியமாக இருக்கலாம்.

தொப்பியில் மட்டும் சிக்கனம் செல்லாது. இதை அம்மணியும் ஒப்புக்கொள்கிறார், கொஞ்சம் முனகலோடு. பழைய தொப்பி யார் தலையோடு எப்போது கீழே விழுந்ததோ, உள்ளே நுரை நசுங்கியிருந்தாலும் வெளியே வெல்வெட் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். பாதுகாப்பு முத்திரை உள்ள தொப்பி இல்லாமல் களத்துக்குள் விடவும் மாட்டார்கள். முன்பெல்லாம் உயர்மட்டத்தில் பட்டுத் தொப்பிதான் மரியாதை. 2012 லண்டனில் சார்லட் டுஜார்டின் கவசத் தொப்பியோடு ஏறித் தங்கம் வாங்கினார். 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் கவசம் கட்டாயம். அம்மணியிடம் ஏற்கெனவே நல்ல தொப்பி ஒன்று இருக்கிறது, ஊதா நிறத்தில், உச்சியில் குஞ்சலத்தோடு. அதன் மேல் கறுப்பு உறை ஒன்றை மாட்டினால் தீர்ந்தது. உறை 8 பவுண்டு.

கால்சட்டைக்கு வருவோம். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு ஜோத்பூர் அரச குடும்பத்து சர் பிரதாப் சிங் போலோ அணியோடு லண்டன் வந்தபோது, தொடையில் புடைத்து முழங்காலுக்குக் கீழே ஒட்டிப் பிடிக்கும் கால்சட்டையைக் கண்டு ஊரே மயங்கியது. பிறகு இழுபடும் துணி வந்து புடைப்பு போய்விட்டது. ஜோட்பர் என்ற பெயர் தங்கிவிட்டது. போட்டிக்கு வெள்ளை, அல்லது வெளிர் நிறம். குதிரை லாயத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்ய வெள்ளையைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் வீட்டில் துவைக்க ஆள் இருந்திருக்க வேண்டும். உள்ளாடை விஷயம் ஒன்றும் உண்டு: வெள்ளைக்குள் வெள்ளை தெரியும், தோல் நிறம்தான் தெரியாது. லாயத்து மூத்த பெண்மணிகள் புதிதாக வருபவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் முதல் உபதேசம் இது. இரண்டாவது உபதேசம், ஏறும் நிமிடம் வரை வெள்ளைக்கு மேலே கணவரின் பழைய பைஜாமாவைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது.

கையுறையில்தான் அம்மணி ஒரு பெரிய தப்பிலிருந்து தப்பினார். வெள்ளைக் கையுறை அரை விலைக்குக் கிடைக்கிறது என்று ஓடியவரைத் தோழி பிடித்து நிறுத்தினாள்.

"வெள்ளை வேண்டாம்டி."

"ஏன், அழகாத்தானே இருக்கு?"

"அழகாத்தான் இருக்கும். உன் கை துள்ளுறதும் சேர்த்து அழகாத் தெரியும்."

துள்ளுநடையில் கை ஆடாமல் வைக்கப் பல வருஷம் பிடிக்கும். வெள்ளைக் கையுறை அந்த ஆட்டத்தைக் களத்தின் மறுகோடிக்கு அறிவித்துவிடும். குதிரை கறுப்பு என்றால் கறுப்புக் கையுறை, பழுப்பு என்றால் பழுப்பு. கை எது, பிடரி எது என்று நடுவர் திணறட்டும். முழு டிரஸ்ஸாஜ் உடையிலும் காசு மிச்சப்படுத்தி மார்க்கும் கூட்டக்கூடிய பொருள் இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

நீளபூட்ஸுக்குப் பதில் குட்டை பூட்ஸும் அதே நிறத்தில் முழங்கால் வரை தோலுறையும் மாட்டி, ஷூ பாலிஷால் இரண்டையும் ஒன்றாக்கியாயிற்று. கழுத்துக்கு வெல்க்ரோ ஒட்டும் ரெடிமேட் வெள்ளைப் பட்டி. தலைக்கு வலை. மொத்தம் 43 பவுண்டு. அம்மணி நோட்டுப் புத்தகத்தில் கூட்டி, அடியில் இரட்டைக்கோடு போட்டு, கணவரிடம் காட்டுகிறார். நிஜமாகவே சாதனைதான்.

கணவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். திருப்பியிருக்கக் கூடாது.

அடுத்த பக்கம் குதிரையினுடையது. லாய வாடகை, வாரா வாரம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாலு காலுக்கும் லாடம். அது எண்பது, நூறு பவுண்டு. பல் பார்க்கிறவர். முதுகு நீவிவிடுகிறவர். போட்டியை முன்னிட்டு சேணம் சரியாகப் படிகிறதா என்று பார்க்க வந்த நிபுணர், அவர் சொன்னதால் வாங்கிய ஆட்டுரோம மெத்தை. புது வெள்ளைச் சேணத்துணி, ஓரத்தில் வெள்ளிச் சரிகை வைத்தது. பிடரி பின்ன ரப்பர் வளையம், வால் பளபளக்கத் தெளிப்பான், வெள்ளைக் கால்களுக்குச் சுண்ணாம்பு மாதிரி ஒரு பவுடர். நெற்றிப் பட்டையில் கண்ணாடிக் கல் பதித்த புதுக் கடிவாளம்.

"இது?" என்றார் கணவர்.

"அது வேற கணக்கு."

"அம்பது பவுண்டுன்னு சொன்னியே."

"உடுப்புக்குன்னுதானே சொன்னேன். கடிவாளம் உடுப்பா?"

இந்த ரகத்தின் மூச்சே இங்கேதான் இருக்கிறது. அம்மணி கஞ்சத்தனம் பண்ணுவது தன் உடம்புக்கு மட்டும்தான். தனக்குக் குளிர்கால ஜாக்கெட் கிழிந்து மூன்று குளிர்காலம் ஆயிற்று. குதிரைக்குக் குளிர்காலப் போர்வை மட்டும் நாலு கனத்தில் நாலு இருக்கிறது. தன் முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை, ஒரு டீ. குதிரை லேசாகக் கால் தாங்கினால் அரை மணி நேரத்தில் வைத்தியர். தனக்குச் செலவழிப்பது ஆடம்பரம், குதிரைக்குச் செலவழிப்பது கடமை. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் மனசாட்சி உறுத்தாது. 4 பவுண்டு பிளேசர் என்பது ஒருவகையில் குதிரைக்குச் செலவழித்ததற்கான பிராயச்சித்தம். லாயத்தில் எல்லா அம்மணிகளுக்கும் இந்தக் கணக்கு புரியும். கணவர்களுக்குப் புரியாது, அவர்கள் வாளி தூக்க வருகிறார்கள்.

போட்டி நாள். தூறல். களத்தின் தலைமாட்டில், சி என்ற எழுத்துப் பலகைக்குப் பின்னால், நடுவர் தன் காருக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதுபவர். கண்ணாடித் துடைப்பான் ஆடிக்கொண்டிருக்கிறது. அம்மணி பைஜாமாவைக் கழற்றி, வெள்ளையாக நின்ற அந்தக் கணத்தில் குதிரை புல்மேய்ந்த வாயை அவர் தொடையில் பாசமாகத் துடைத்தது. பச்சை. ஈரத்துணியால் தேய்த்ததில் அது வெளிர்பச்சையாகப் பரவி, கோட்டின் விளிம்பு வரை வந்தது. ஹாரன் அடித்தது.

ஐந்து நிமிடத்தை விவரிக்க ஒன்றுமில்லை. வட்டம் ஒன்று உருளைக்கிழங்கு வடிவில் வந்தது, நிற்க வேண்டிய இடத்தில் குதிரை நின்றது, நிற்கத் தேவையில்லாத இடத்திலும் நின்றது. 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் தடவைக்கு நிமிர்ந்து நடக்கக்கூடிய மார்க். தாளில் நடுவர் எழுதியிருந்ததெல்லாம் குதிரையின் முதுகைப் பற்றியும், கழுத்தைப் பற்றியும், இன்னும் கொஞ்சம் உந்துதல் வேண்டும் என்பதைப் பற்றியும்தான். கோட்டைப் பற்றியோ கேடயத்தைப் பற்றியோ பச்சையைப் பற்றியோ ஒரு எழுத்து இல்லை. அம்மணிக்கு லேசான ஏமாற்றம். முதுகுத் திறப்பை யாராவது கவனித்திருக்கலாம்.

நான்காம் இடம், பச்சை ரிப்பன் பூவாக ஒரு ரோசெட். நிறம் கால்சட்டைக்குப் பொருத்தமாக அமைந்தது தற்செயல். கூடவே குலுக்கலில் குதிரைக் கடைக்கான 10 பவுண்டு வவுச்சர் ஒன்றும் விழுந்தது.

மறுவாரம் கடையில் கல்லாப் பெண் அம்மணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடு, "கடைசி உருப்படி மேடம், போட்டிக் கோட்டு ஒண்ணு பாதி விலைக்கு இருக்கு, உங்க அளவுதான். வவுச்சரையும் கழிச்சுக்கலாம்" என்றாள்.

அம்மணி கோட்டைத் தொட்டுப் பார்த்தார். போட்டும் பார்த்தார். முதுகுத் திறப்பைக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார். கழற்றி மடிக்காமல் மாட்டி வைத்தார்.

"அடுத்த தடவை பார்க்கலாம்மா. ஈ மொய்க்காம இருக்கக் காதுக்கு மாட்டுற குல்லா இருக்குல்ல, அது கருநீலத்துல இருக்கா? கோட்டுக்கு மேட்ச்சா வேணும்."