கண்ணாடி வளையத்துக்கு ஒரு பாலிசி

பெறுநர்: தலைவர், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.
அனுப்புநர்: விசேஷ வீட்டுப் படக்காரன், மல்லாங்கிணறு, விருதுநகர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

மதுரையில் ஒரு கேமரா கடைக்காரர் லைசென்ஸ் இல்லாமல் இன்சூரன்ஸ் பண்ணுகிறார். ஒன்பதாயிரம் ரூபாய் லென்ஸுக்குப் பில் போட்ட கையோடு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் யூவி ஃபில்டரை எடுத்து வைத்து, "லென்ஸுக்கு இன்சூரன்ஸ் சார்" என்றார். பதிவுச் சான்று இல்லாமல் யாரும் காப்பீட்டுத் தொழில் நடத்தக் கூடாது என்கிறது 1938ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் இந்தக் கடுதாசி.

பிரீமியம் ஆறில் ஒரு பங்கு. அந்தக் காலத்து ராஜாக்கள் வாங்கிய வரி அது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ராபி பருவ மக்காச்சோளத்துக்கு எங்கள் சம்சாரி கட்டுவது ஒன்றரை சதவீதம்தான். வானம் பார்த்த காட்டை விடவா என் லென்ஸ் மோசமான நிலையில் இருக்கிறது? தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. என் லென்ஸின் ஆயுளுக்கு மட்டும் 18 சதவீதம்.

எந்த ஆபத்துக்கு இந்தப் பாலிசி என்று கேட்டேன். புற ஊதாக் கதிராம். ஃபிலிம் காலத்தில் அது நியாயம். கொடைக்கானல் மலையை எடுத்தால் தூரமெல்லாம் நீலம் பூசிக்கொண்டு வரும். டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கும் கண்ணாடியைக் கம்பெனியே வைத்து அனுப்புகிறது. செத்துப்போன வியாதிக்கு இன்னும் பாலிசி விற்கிறார்கள்.

பொய் சொல்லக் கூடாது. சீமைக்கருவேலக் கரிமூட்டம் பிரிக்கும் இடத்திலும், மாமன்மார் மஞ்சத்தண்ணியைச் சொம்போடு வீசும் வீட்டிலும் நானே ஃபில்டர் மாட்டுவேன். அங்கே அது வெறும் தடுப்புக் கண்ணாடி. அப்படியே சொல்லி விற்றால் எனக்குச் சண்டையில்லை. இடித்துக்கொள்வதற்கோ பிளாஸ்டிக் ஹூட் போதும். ஆனால் அதில் கடைக்காரருக்கு லாபம் கம்மி.

பொங்கல் சாட்டிய ராத்திரிதான் பாலிசியின் வண்டவாளம் தெரியும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். பந்தலின் வலது மேல் மூலையில் எரியும் சீரியல் பல்பு, படத்தில் இடது கீழ் மூலையிலும் பச்சைப் பொட்டாக, தலைகீழாக மிதக்கும். மாவிளக்கு ஏந்திய அக்காவின் தாடையில் அப்படி மூன்று பல்பு எரிந்தது. "இந்த லைட்டுக்கும் சேர்த்தா பில் போட்ட?" என்று கேட்டார். அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் ரோஜர் சிக்காலா 2011இல் ஐம்பது ஃபில்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிப் பார்த்தார். அவ்வளவு காப்பீடு எடுத்தவருக்கும் கிடைத்தது கலங்கல்தான்.

ஆகவே, சமூகம் அவர்கள் அந்தக் கடைக்காரருக்கு ஒரு ஏஜெண்ட் நம்பர் கொடுத்து, லென்ஸ் உடைந்தால் கிளெய்ம் கொடுக்கும்படி உத்தரவிட வேண்டும். ஆயுள் பாலிசிக்கு உள்ளது போல, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் ஃப்ரீ லுக்கும் வேண்டும். பார்ப்பதற்கென்றே உள்ள பொருளாயிற்றே.

பாலிசியை சரண்டர் பண்ண நானும் தயார். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி மரையில் ஏறி ஃபில்டர் இறுகிவிட்டது. சைக்கிள் டியூபைச் சுற்றித் திருகினாலும் அசையவில்லை. அசல் ஆவணம் கேட்டால், லென்ஸையும் சேர்த்துத்தான் பார்சல் அனுப்ப வேண்டியிருக்கும். தபால் செலவு ஆணையத்தைச் சேர்ந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பாலிசிதாரர்